கணக்குப் போடும் முன் கணக்கை வாசிக்க வைப்பது எப்படி? (ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை)

"டீச்சர், இது கூட்டவா, கழிக்கவா?"

ஏழாம் வகுப்புப் பிள்ளை இப்படிக் கேட்டால் எனக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும். அந்தப் பிள்ளைக்குக் கூட்டவும் தெரியும், கழிக்கவும் தெரியும். முன்னால் இருக்கும் நாலு வரியில் என்ன நடக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. ஆனால் அம்மா வந்து சொல்வது என்னவோ, "இவனுக்குக் கணக்கே மண்டையில் ஏறாது டீச்சர்" என்றுதான்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் வீட்டுத் திண்ணையில் மாலை ட்யூஷன் எடுக்கிறேன். படித்தது தமிழ் இலக்கியம். கணக்கு எடுக்க ஆள் கிடைக்காத ஒரு வருஷம் தாய்மார் என்னையே பிடித்துக்கொண்டார்கள், அப்புறம் விடவில்லை. தமிழ் படித்தவள் கணக்கு சொல்லிக்கொடுத்தால் ஒரு கெட்ட பழக்கம் வரும்: கணக்கைப் பார்த்ததும் எழுவாய் எது, பயனிலை எது, இந்த "அது" யாரைக் குறிக்கிறது என்று தேடத் தோன்றும். அந்தப் பழக்கம்தான் இந்த வேலைக்கு மிகவும் உதவியது. வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும், என்னைப் போல ட்யூஷன் எடுப்பவர்களுக்கும் நான் செய்யும் முறையை எழுதுகிறேன்.

முதலில், எங்கே நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்

ஆன் நியூமன் என்ற ஆஸ்திரேலிய ஆசிரியர் 1977இல் ஒரு நல்ல வேலை செய்தார். கணக்கில் பின்தங்கிய 124 ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த பிழைகளை எடுத்து, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நடந்தது என்று பிரித்துப் பார்த்தார். வாசிக்கவே முடியாமல் நடந்தது 13 சதவீதம். வாசித்தும் புரியாமல் 22. புரிந்தும் அதை எந்தக் கணக்காக மாற்றுவது என்று தெரியாமல் 12. ஆக, பிழைகளில் கிட்டத்தட்ட பாதி, கூட்டல் கழித்தல் தொடங்கும் முன்பே நடந்து முடிந்திருந்தது. வாய்ப்பாட்டைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்க வைத்தால் அந்தப் பாதி எப்படிச் சரியாகும்?

அவர் பிள்ளைகளிடம் கேட்ட ஐந்து கேள்விகளை நான் நம் பேச்சில் இப்படிக் கேட்கிறேன். இதைச் சத்தமாக வாசி; தெரியாத சொல் வந்தால் விட்டுவிட்டுப் போ. இதில் உன்னிடம் என்ன கேட்டிருக்கிறார்கள்? எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறாய்? சரி, செய்து காட்டு, செய்யும்போதே சொல்லிக்கொண்டு வா. இப்போது விடையை முழுசாக எழுது.

நான் கொடுக்கும் கணக்கு இது:

"ஒரு தோட்டத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரப்பர் பால் வெட்டுகிறார்கள். ஒரு முறை வெட்டினால் 6 ஷீட் கிடைக்கும். செப்டம்பர் 1ஆம் தேதி வெட்டத் தொடங்கினால் அந்த மாதத்தில் மொத்தம் எத்தனை ஷீட் கிடைக்கும்?"

(ஜூன் என்று போட்டுவிடாதீர்கள். பால் வெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். "மழையில் எப்படி டீச்சர் வெட்டுவாங்க?" என்று கேட்டு, அத்தோடு வகுப்பு திசை மாறிவிடும்.)

விடை 90. செப்டம்பரில் 30 நாள், அதில் 15 நாள் வெட்டு, 15ஐ 6ஆல் பெருக்கினால் போதும். பிள்ளைகள் அதிகம் எழுதுவது 180. அந்த 180ஐப் பார்த்துச் சிவப்பு மையில் கோடு போட்டுவிட்டால் ஒன்றும் தெரியாது. ஐந்து கேள்வியையும் கேட்டால்தான் தெரியும். ஒருத்தி "ஒரு நாள் விட்டு ஒரு நாள்" என்பதை வாசிக்கும்போதே தாண்டிப் போயிருப்பாள். இன்னொருத்தன் அதைச் சரியாக வாசித்து, "ஒரு நாளும் விடாம வெட்டுவாங்க" என்று பொருள் சொல்வான். மூன்றாவது பிள்ளைக்கு எல்லாம் புரியும், 30 நாளில் வெட்டு நாள் எத்தனை என்று எடுக்கத்தான் தெரியாது. மூன்று பேர் தாளிலும் ஒரே 180 இருக்கும். மூன்று பேருக்கும் மருந்து வேறு.

கேட்கும்போது ஒரே ஒரு கட்டுப்பாடு: நடுவில் வாய் திறக்காதீர்கள். "நல்லாப் பாரு மக்கா" என்று சொன்னால்கூட அது உதவிதான். தாளில் எந்தக் கேள்வியில் நின்றது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து கணக்கு முடிவதற்குள் பெரும்பாலும் ஒரே இடத்தில் குறிகள் குவியும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். சரளமாக வாசிக்கிற பிள்ளைதான் உங்களை ஏமாற்றும். தங்குதடையில்லாமல், ஏற்ற இறக்கத்தோடு, மேடையில் பேசுவதுபோல வாசிக்கும். முடித்ததும் "என்ன கேட்டிருக்கு?" என்றால் விழிக்கும். வாயால் வாசிப்பதும் மனசில் வாங்குவதும் இரண்டு வேலை.

எண்களை மூடிவிட்டுக் கதை சொல்லச் சொல்லுங்கள்

இரண்டாவது கேள்வியில் நிற்கும் பிள்ளைகளுக்கு நான் செய்வது இதுதான், இதைவிடப் பயன் தந்தது வேறில்லை. கணக்கை எழுதும்போது எண் வரும் இடத்தில் கோடு மட்டும் போடுவேன்.

"ஒரு வியாபாரி தோவாளைச் சந்தையில் ___ கிலோ பிச்சிப்பூவை, கிலோ ___ ரூபாய்க்கு வாங்கினார். வண்டிச் செலவு ___ ரூபாய். அதில் ___ கிலோவை, கிலோ ___ ரூபாய்க்கு விற்றார். மீதிப் பூ வாடிப்போனது. அவருக்கு இலாபமா, நட்டமா, எவ்வளவு?"

எண் இல்லாததால் பேனா ஓடாது. வேறு வழியில்லாமல் பிள்ளை வாசிக்கும். புத்தகத்தை மூடி வைத்து, என்ன நடந்தது என்று வீட்டில் பேசும் பேச்சிலேயே சொல்லச் சொல்லுங்கள். "அந்த ஆளு பூ வாங்கினாரு. வண்டிக்கும் காசு குடுத்தாரு. கொஞ்சம் வித்தாரு, கொஞ்சம் வாடிப்போச்சு" என்று வந்தால் போதும். வாடின பூவுக்கும் காசு கொடுத்துத்தானே வாங்கினார், விற்ற காசில் அது வருமா என்று கேளுங்கள். இந்தப் பேச்சு நடந்த பிறகுதான் எண்களை நிரப்ப வேண்டும்: 15 கிலோ, 400 ரூபாய், வண்டிக்கு 300, விற்றது 12 கிலோ, கிலோ 600. செலவு 6,300. வரவு 7,200. இலாபம் 900. எண்ணோடு முதலிலேயே கொடுத்தால், வாடின பூவை மறந்து 15 கிலோவையும் விற்றுத் தள்ளி 2,700 இலாபம் காட்டும் பிள்ளைகள் உண்டு. நிஜத்தில் பூ வியாபாரம் அப்படி நடந்தால் தோவாளையில் எல்லாரும் மாடி வீடு கட்டியிருப்பார்கள்.

நம் மாவட்டத்தில் இன்னொரு சங்கதி உண்டு. மேற்குப் பக்கம் பல வீடுகளில் மலையாளம் பேசுகிறார்கள். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளும் ஏராளம். கதையை எந்த மொழியில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். கதை மனசில் அமர்ந்தபின் புத்தகத்தின் வாக்கியத்துக்குத் திரும்பி, கதையின் எந்தத் துண்டு எந்தச் சொல்லில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இந்தத் திரும்பி வருதலை விட்டுவிட்டால் தேர்வில் உதவாது. அங்கே கதை சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

சொல்லின் வாலைப் பார்க்கப் பழக்குங்கள்

தமிழில் கணக்கின் உயிர் பல சமயம் சொல்லின் வாலில் இருக்கிறது. வேகமாக வாசிக்கும் பிள்ளை சொல்லின் தலையை மட்டும் பார்த்துவிட்டு வாலை விட்டுவிடும். ஒரு நாள் இதை மட்டும் எடுத்து நடத்துங்கள். மட்டிப்பழம் கிலோ 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, இந்த ஐந்தையும் எழுதிப் போடுங்கள்:

விலை 20 ரூபாய் குறைந்தது.
விலை 20 ரூபாயாகக் குறைந்தது.
விலை 20 சதவீதம் குறைந்தது.
விலை நான்கில் ஒரு பங்கு குறைந்தது.
விலை நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது.

புதிய விலை வரிசையாக 60, 20, 64, 60, 20. எந்த இரண்டு வாக்கியங்களுக்கு ஒரே விடை, ஏன் என்று கேளுங்கள். ஒரு "ஆக" நாற்பது ரூபாயை விழுங்கிவிட்டது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். அதன் பிறகு அந்த "ஆக" அவர்கள் கண்ணில் படாமல் போகாது.

அடுத்தது "இலிருந்து", "ஐ", "ஆல்". எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் தடுமாறுகிறவர்களுக்கு இந்த இரண்டு வாக்கியத்தைக் கொடுங்கள். ஓர் எண்ணின் இரு மடங்கிலிருந்து 6ஐக் கழித்தால் 20 வரும். ஓர் எண்ணிலிருந்து 6ஐக் கழித்து, வந்ததை இரு மடங்காக்கினால் 20 வரும். முதலாவதில் அந்த எண் 13, இரண்டாவதில் 16. சொற்கள் கிட்டத்தட்ட அவையேதான். எது முதலில் நடக்கிறது என்பதுதான் மாறியிருக்கிறது. சமன்பாடு எழுதத் தெரியவில்லை என்று சொல்லப்படும் பிள்ளைகள் பலருக்கு இந்த வரிசைதான் பிரச்சினை. முதலில் என்ன செய்தார்கள், பிறகு என்ன செய்தார்கள் என்று இரண்டு வரியில் எழுத வைத்துவிட்டு அப்புறம் x பக்கம் போங்கள்.

"தலா", "முறையே", "குறைந்தபட்சம்", "எஞ்சிய" போன்றவை பாடப்புத்தகத்தில் மட்டும் வாழும் சொற்கள். வீட்டில் யாரும் "முறையே" என்று பேசுவதில்லை. மூன்று பேரும் தலா 12 தேங்காய் பொறுக்கினார்கள் என்பதற்கும், மூன்று பேரும் சேர்ந்து 12 தேங்காய் பொறுக்கினார்கள் என்பதற்கும் படம் வரைய வைத்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

"அதைவிட" வந்தால் நிறுத்தி வரையுங்கள்

ஒப்பிட்டுச் சொல்லும் கணக்குகளுக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். இதைப் பாருங்கள்: "ஒரு செவ்வாழைப்பழம் 12 ரூபாய். அது ஓர் ஏத்தன் பழத்தைவிட 4 ரூபாய் அதிகம். 3 ஏத்தன் பழத்தின் விலை என்ன?" பாதிப் பிள்ளைகள் "அதிகம்" என்ற சொல்லைக் கண்டதும் 12ஓடு 4ஐக் கூட்டி, மூன்றால் பெருக்கி 48 என்பார்கள். விடை 24.

இது நம் பிள்ளைகளின் மந்தம் இல்லை. 1987இல் லூயிஸ், மேயர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களையே வைத்துச் சோதித்தபோதும் இதேதான் நடந்தது. "அதிகம்" என்று சொல்லிவிட்டுக் கழிக்க வைக்கும் கணக்குகளில் அவர்களும் செயலை மாற்றிப் போட்டார்கள். 1995இல் ஹெகார்ட்டி, மேயர், மங்க் மூவரும் கண் எங்கே போகிறது என்றே அளந்து பார்த்தார்கள். தடுமாறுகிறவர்களின் கண் திரும்பத் திரும்ப எண்களுக்கே போனது. சரியாகப் போட்டவர்கள், அந்த எண் எதனுடையது என்று சொல்லும் பெயர்ச்சொல்லுக்கும் திரும்பிப் போனார்கள்.

எனவே பயிற்சி பெயர்ச்சொல்லில்தான் இருக்க வேண்டும். "அது" என்பதன் மேல் பென்சிலால் வட்டமிட்டு, எதைக் குறிக்கிறதோ அதற்குக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு பட்டைகள்: செவ்வாழைக்கு ஒன்று, ஏத்தனுக்கு ஒன்று. எது நீளம் என்று மட்டும் முதலில் கேளுங்கள், எண் அப்புறம். பட்டை சரியாக வந்துவிட்டால் கூட்டவா கழிக்கவா என்ற கேள்வியே எழாது.

வள்ளுவர் சிலையை வைத்து நான் ஒரு கணக்கு கொடுப்பேன். 2000 ஜனவரி 1 அன்று திறந்த அந்தச் சிலை, பீடத்தோடு சேர்த்து 133 அடி. பீடம் மட்டும் 38 அடி. பீடத்தைவிடச் சிலை எத்தனை அடி அதிகம்? நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் 133இலிருந்து 38ஐக் கழித்து 95 என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுவார்கள். 95 என்பது சிலையின் உயரம், கேட்டது அதுவா? 95இலிருந்து மறுபடி 38ஐக் கழித்தால் 57. தமிழில் கேள்வி பெரும்பாலும் கடைசி வாக்கியத்தில் வரும். அதனால் கடைசி வாக்கியத்தை முதலில் ஒரு தடவை, முழுவதையும் ஒரு தடவை, விடை எழுதியபின் கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை என்று வாசிக்கப் பழக்குங்கள்.

குறிச்சொல் பட்டியலைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள்

"மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, தலா என்றால் வகு." இப்படி அட்டை எழுதி ஒட்டும் வழக்கம் எங்கும் இருக்கிறது. நான் அதற்கு எதிரி. தொடக்கப் பள்ளியில் ஓரளவு ஓடும். ஆறாம் வகுப்புக்குமேல் அது பிள்ளையை வாசிக்காமல் இருக்கப் பழக்குகிறது. மேலே சொன்ன ரப்பர் கணக்கில் "மொத்தம்" இருக்கிறது, கூட்டவில்லை. பூக் கணக்கில் "மீதி" இருக்கிறது, அதை வைத்து எதையும் கழிக்கத் தேவையில்லை.

வாசிக்காமல் கணக்குப் போடுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பிரான்சில் ஒரு பழைய சோதனை இருக்கிறது. கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் 1979-80 வாக்கில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம், "கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன?" என்று கேட்டார்கள். 97 பேரில் 76 பேர் எண்களைக் கூட்டியோ வேறு ஏதாவது செய்தோ ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். உங்கள் பிள்ளைகளிடம், வள்ளத்தில் 26 பெட்டி சாளை, 10 பெட்டி நெத்திலி, வள்ளக்காரருக்கு என்ன வயது என்று கேட்டுப் பாருங்கள். 36 என்று பதில் வந்தால் திட்டாதீர்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை இப்படி விடையில்லாத கணக்கையும், தேவையில்லாத எண் உள்ள கணக்கையும் கலந்து கொடுத்துவாருங்கள். "இதில் தகவல் போதாது" என்று எழுதுவதும் ஒரு விடைதான் என்று தெரிய வேண்டும்.

விடையைக் கதைக்குள் திருப்பிக் கொண்டுபோய்ப் பார்ப்பதும் வாசிப்பின் பகுதிதான். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளுக்கான தேசியச் சோதனையில், 1,128 வீரர்களை 36 பேர் அமரும் பேருந்துகளில் ஏற்ற எத்தனை பேருந்து வேண்டும் என்று கேட்டார்கள். சுமார் 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகச் செய்தார்கள். 32 பேருந்து என்று எழுதியவர்கள் 23 சதவீதம்தான். 31, மீதி 12 என்று எழுதியவர்கள் 29 சதவீதம். நம் ஊருக்கு மாற்றினால்: மாத்தூர் தொட்டிப்பாலம் பார்க்க 130 பிள்ளைகள், வேனுக்கு 18 பேர். 7 வேன் என்றால் நாலு பிள்ளைகளை ரோட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும். 8 வேன். அதே எண்களை 130 மீட்டர் கயிறு, 18 மீட்டர் துண்டு என்று மாற்றினால் முழுத் துண்டு 7தான் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கள்.

எவ்வளவு நேரம், எத்தனை கணக்கு

ஒரு நாளைக்கு ஒரு கணக்கு, கால் மணி நேரம். பத்துக் கணக்கு கொடுத்தால் பழைய ஓட்டத்துக்குத் திரும்பிவிடுவார்கள். மற்றபடி வீட்டுப் பாடம் வழக்கம்போல் நடக்கட்டும். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மனத்திறன் தாளில் 90 கேள்வி. அங்கே வேகம் வேண்டும். அதற்காக வேகத்தை முதலிலேயே பழக்க வேண்டாம், சரியாக வாசிக்கப் பழகியபின் வேகம் கூட்டலாம்.

எல்லாவற்றையும் வாசிப்பின் தலையில் கட்டிவிடவும் கூடாது. வாசித்துப் புரிந்துகொள்வதில் நன்றாக இருப்பவர்கள் கணக்கிலும் நன்றாக இருப்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிகிறது. பின்லாந்தில் 9, 10 வயதுப் பிள்ளைகள் 225 பேரிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், எழுத்துக்கூட்டி வாசிக்கும் திறனைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்த உறவு நின்றது. ஆனால் இரண்டும் சேர்ந்து உயர்வதாலேயே ஒன்று மற்றதை உயர்த்துகிறது என்று ஆகாது. நினைவாற்றல், கவனம், வீட்டுச் சூழல், பள்ளிக்கு ஒழுங்காகப் போவது எல்லாம் இரண்டுக்கும் பொது. கதைப் புத்தகம் வாசித்தால் கணக்கில் மார்க் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கதைப் புத்தகம் கதைக்காக வாசிக்கட்டும்.

நாலாவது கேள்வியில், அதாவது செய்து காட்டும் இடத்தில் குறிகள் குவிந்தால், அந்தப் பிள்ளைக்கு இந்தக் கட்டுரை வேண்டாம். வாய்ப்பாடு, பின்னம், தசமம் என்று பழைய வழிக்கே போங்கள். முதல் கேள்வியிலேயே, வாசிக்கவே திணறினால், முதலில் கண்ணைச் சோதித்துவிடுங்கள். கண் சரி என்றால் நீங்கள் கணக்கை வாசித்துக் காட்டுங்கள். கேட்டு மட்டும் சரியாகப் போட்டுவிடுகிற பிள்ளைக்குக் கணக்கு வருகிறது, எழுத்துதான் தடை. அதை வகுப்பாசிரியரிடம் சொல்லி, கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று முறையாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். "மக்கு" என்று பட்டம் கட்டி ஓரமாக உட்கார வைப்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

பிள்ளைகள் ஓரளவு பழகியபின், கணக்கை அவர்களையே எழுத வையுங்கள். வீட்டு மின் கட்டண விவரம், அப்பா ரப்பர் ஷீட் போட்டுவிட்டு வாங்கி வந்த பில், பஸ் நேரம், சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விலை, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். எழுதியதை இன்னொரு பிள்ளையிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். போடுகிற பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால், எழுதியவர் வாயால் விளக்கக் கூடாது. வாக்கியத்தைத்தான் திருத்த வேண்டும். "தலா" எங்கே போட வேண்டும், "ஆக" வருமா வராதா என்று அப்போது நடக்கும் சண்டையில் நீங்கள் தலையிட வேண்டாம்.